எவரும் இறவாத வீட்டின் முன் அமர்ந்தவருக்கு

இறுதிக்கிரியைகளைப் பொறுப்பேற்று நடத்தும் வெம்பிளி கிருஷ்ணராசா மலர்ச்சாலையின் மூத்த பணிப்பாளராக இருந்து இன்று ஓய்வுபெறும் திரு. பெனடிக்ற் அவர்களுக்கு, உடன் உழைத்த பணியாளர்கள் வாசித்தளிக்கும் அன்பு மடல்.

கலங்கிய கண்களுக்குக் கைக்குட்டை நீட்டிய கருணையாளரே! அழைத்த குரலின் அழுகை அடங்குமுன் வாசலில் வந்து நின்ற அன்பாளரே! மலர்வளையம் சுமந்து சுமந்தும் மனம் வாடாத மாண்பினரே! சைவக் கிரியைக்குச் சந்தனமும் கத்தோலிக்க நல்லடக்கத்துக்குச் செபமாலையும் ஒரே காரில் ஒழுங்காய் எடுத்துச்சென்ற ஒப்பற்றவரே! கறுப்புக் கோட்டும் கனிந்த குரலுமாய்க் கால் நூற்றாண்டுக்கு மேலாக இலண்டன் தமிழரின் கடைசிப் பயணத்துக்குக் காவலாய் நடந்த கண்ணியரே! எங்கள் பெனடிக்ற் அண்ணையே, வணக்கம்!

இவ்வளவு நீட்டி உங்களை நாங்கள் ஒருநாளும் விளித்தது கிடையாது. ஓய்வுபெறுகிறவரை இப்படித்தான் விளிக்க வேண்டும், வாசித்த பின் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும் என்று முதலாளி கிருஷ்ணராசா அவர்கள் உறுதியாகச் சொல்லிவிட்டார். எழுதும் வேலை, மரண அறிவித்தல்களும் நினைவு மலர்களும் எழுதுகிற றொசாந்தியாகிய என் தலையில் வந்து விழுந்தது. கை என்னுடையது, அன்பு எல்லோருடையது. முதலில் எழுதிய பிரதியை, எங்கள் கறுப்பு வானை ஓட்டும் நிர்மலனிடம் வாசித்துப் பார்க்கக் கொடுத்தேன். அவர் மூச்சுவிடாமல் வாசித்து முடித்துவிட்டு, தகனம் எத்தனை மணிக்கு என்று கேட்டார். எங்களைக் குறைசொல்ல முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவரைப் புகழவேண்டுமென்றால் அவர் முதலில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எதிரே கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவரைப் புகழ்ந்து எழுதுவது எங்களுக்கு இதுவே முதற்தடவை. ஆகையால் இடையில் எங்கேயாவது மரண அறிவித்தலில் வருகிற "அன்னார்" என்ற சொல் தட்டுப்பட்டால் பொறுத்தருள வேண்டும்.

அண்ணை! ஜெர்மனியில் உணவகச் சமையலறைகளில் இளமையைக் கழித்து, பின்னர் குடும்பத்தோடு இலண்டன் வந்து, வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு இந்தத் தொழிலுக்குள் நுழைந்தவர் நீங்கள். வேறு வேலை கிடைத்தது; நீங்கள் போகவில்லை. துயர் விழுந்த வீட்டுக்குள் நீங்கள் காலெடுத்து வைக்கும் விதத்தைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் வேலை பழகினோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றுவீர்கள். உடனே பேனாவை எடுக்கமாட்டீர்கள். யாராவது ஏதாவது சாப்பிட்டீர்களா என்பதுதான் உங்கள் முதற் கேள்வியாக இருக்கும். அழுகிறவர் அழுது முடிக்கும்வரை சுவரோடு சாய்ந்து நிற்பீர்கள். எந்தப் பக்கத்து உறவினர் முதலில் மாலை போடுவது என்று இழுபறி வந்தால், இரண்டு பக்கத்தாரையும் ஒன்றாக நிறுத்திப் போட வைத்துவிட்டு, அதுதான் முறை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வீர்கள். எந்தச் சமயத்திலும் அப்படியொரு முறை இல்லை என்று பிறகு வானுக்குள் வைத்து எங்களிடம் சொல்வீர்கள்.

எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் உங்கள் கையைப் பிடித்து அழுதிருக்கிறார்கள். ஆனால், அழுகை ஓய்ந்த பிறகு உங்களைத் தெருவில் கண்டால் அவர்களுக்கு என்னவோ செய்யும். வெம்பிளியில் மரக்கறிக் கடைக்குள் நீங்கள் நுழைந்தால், வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மற்றப் பக்கத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். கல்யாண வீடுகளுக்கு அழைப்பிதழ் வரும். மேடையில் ஏறிப் படம் எடுக்க வாருங்கள் என்று ஒருவரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். ஒருவருக்கும் உங்கள்மேல் கோபம் இல்லை. உங்களைக் கண்டவுடன் அவரவர் வீட்டில் விழுந்த சாவு அவரவர் நெஞ்சில் வந்து நிற்கிறது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? இதையெல்லாம் பகிடியாகச் சொல்லி எங்களைச் சிரிக்க வைப்பீர்கள். சிரித்து முடிந்ததும் எழுந்து போய் வானைத் துடைக்கத் தொடங்குவீர்கள்.

நீங்கள் தூரிகை பிடித்த கதையை இச்சபை அறிய வேண்டும். எங்கள் தொழிலில் பாதி வேலை காத்திருப்பது. தகனசாலைக்குள்ளே பிரார்த்தனை நடக்கும்போது நாங்கள் வெளியே நிற்க வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் போனை நோண்டுவோம். நீங்கள் புல்லையும் மரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பார்ன் ஹில் குன்றில் நடக்கப்போன இடத்தில், குளத்தடியில் ஆளுக்கொரு பலகையை நிறுத்தி வைத்துப் படம் வரைந்துகொண்டிருந்த கூட்டம் ஒன்றைக் கண்டீர்கள். எல்லோரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள். ஒருவர் முன்பு பஸ் ஓட்டியவர், ஒருவர் பல் வைத்தியர். நீங்கள் யார், என்ன வேலை என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு தூரிகையைக் கையில் தந்தார்கள். அடுத்த ஞாயிறு உங்கள் காரின் பின்பக்கத்தில் மடக்குக் கதிரையும் வர்ணப் பெட்டியும் இருந்தன.

உண்மையைச் சொல்வதானால், தொடக்கத்தில் நீங்கள் வரைந்த மரங்கள் மரக்கறிக் கடைப் பூக்கோவா போலத்தான் இருந்தன. குளத்தைப் பார்த்து நிர்மலன் இது எந்தக் கார்ப் பார்க் என்று விசாரித்தார். நீங்கள் மனம் தளரவில்லை. பனியிலும் போனீர்கள், தூறலிலும் போனீர்கள், காற்று பலகையைத் தூக்கிப் புல்லில் கவிழ்த்த நாட்களிலும் போனீர்கள். ஒரு புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குள் சூடாக இருந்து வரையலாமே என்று உங்கள் துணைவியார் மரியநாயகி அக்கா கேட்டாராம். வெளியே இருந்து வரைவதில்தான் எனக்குச் சுகம் என்று சொன்னீர்களாம். அது என்ன சுகம் என்று நான் உங்களிடம் கேட்டேன்.

"மரத்துக்கு என்னை ஆரெண்டு தெரியாது, பிள்ளை. கண்டாப் பயப்பிடாது" என்றீர்கள்.

எங்களுக்கு அது போதுமாயிருந்தது. இலைகள் உதிரும் காலத்தோடு வேலையை விடப்போகிறேன், செத்தவீட்டுக்காரன் என்ற பெயரை இறக்கி வைத்துவிட்டு வெளிச்சத்தில் இருந்து படம் கீறுகிற ஒரு மனிதனாகக் கொஞ்சக் காலமாவது வாழவேண்டும் என்று இந்த வருடத் தொடக்கத்தில் நீங்கள் சொன்னபோது, உங்களை மறிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அப்போதுதான் அந்தச் சித்திரை மாதச் சனிக்கிழமை வந்தது. அதை மறைத்துவிட்டு உங்களைப் பாராட்டினால் அது பாராட்டாகாது.

வெம்பிளியில் மேட்டுத் தெரு ஒன்றின் தலைப்பில் நின்று பார்த்தால், கூரைகள் படிப்படியாக இறங்கிப் போக, தொலைவில் ஹாரோ குன்றும் அதன் தேவாலயக் கூர்முனையும் தெரியும். கண்ணுக்கு எதிரே முன்வளவில் மக்னோலியா பூத்து நிற்கும் ஒரு வீடு. அந்தக் காட்சியை வரையவென்று எதிர் நடைபாதையில் கதிரையை விரித்து இருந்தீர்கள். வேலைப் போனை நிறுத்தி வைத்தீர்கள். குளிராக இருந்ததால் கோட்டைப் போட்டிருந்தீர்கள். உங்களிடம் இருப்பது அந்தக் கறுப்புக் கோட்டு ஒன்றுதான். மக்னோலியா வீடு யாருடையது என்று உங்களுக்குத் தெரியாது. அது தேவராசா ஐயாவின் வீடு. இதய அறுவைச் சிகிச்சை முடிந்து, அந்தக் கிழமைதான் அவர் வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார்.

தேவராசா வீட்டுக்கு முன்னால் பெனடிக்ற் கறுப்புக் கோட்டோடு இருக்கிறார் என்ற செய்தி, நீங்கள் வானத்துக்கு நீலம் பூசி முடிக்குமுன் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஈஸ்ற் ஹாம் வரைக்கும் போய்விட்டது. துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, உறவும் அயலும்தான் சமைத்துக்கொண்டு போகவேண்டும் என்பது நம்மவர் வழக்கம். அந்த வழக்கத்தை இலண்டன் தமிழர் எவ்வளவு விரைவாகக் காப்பாற்றுகிறார்கள் என்பதை அன்று கண்டோம். மரக்கறிச் சோறு ஒரு காரில் வந்தது. இடியப்பமும் சொதியும் இன்னொரு காரில் வந்தன. தேத்தண்ணிப் போத்தல்களோடு ஒரு குடும்பம் நடந்தே வந்தது. உடலைப் பார்வைக்கு எப்போது வைக்கிறீர்கள் என்று அலுவலகத்துக்குப் போன் மேல் போன். எனக்கு ஒன்றும் தெரியாது. உங்களைக் கூப்பிட்டால் உங்கள் போன் எடுபடவில்லை. அண்ணை தனியாக நின்று அந்தரப்படுகிறார் போலிருக்கிறது என்று சொல்லிக் கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு நிர்மலன் புறப்பட்டார். கறுப்பு வானைக் கொண்டுபோய் அந்த வீட்டு வாசலிலேயே நிறுத்தினார்.

கதவைத் திறந்துகொண்டு நகுலேஸ்வரி அம்மா வெளியே வந்தார். கணவர் மேல்மாடியில் உயிரோடு இருக்க, வாசலில் கறுப்பு வானும், வேலிக்கு வெளியே சோற்றுச் சட்டியோடு அழுதுகொண்டு நிற்கும் உறவினரும், எதிர்ப் பக்கத்தில் நீங்களும். கிழமைக்கணக்கில் வைத்தியசாலை வாசலில் பயந்து பயந்து இருந்த பெண் அவர். நேராக உங்களிடம்தான் வந்தார்.

"உயிரோடை ஆள் இருக்கிற வீடு இது. எழும்பிப் போங்கோ" என்றார்.

நீங்கள் எழுந்து, மன்னிப்புக் கேட்டு, கதிரையை மடக்கி, ஈரம் காயாத படத்தை நெஞ்சில் படாமல் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். வானில் ஏறச் சொல்லி நிர்மலன் கேட்டதற்கு வேண்டாம் என்று கையைக் காட்டினீர்களாம்.

திங்கட்கிழமை, வர்ணப் பெட்டியை எங்கள் மலர்வளையங்கள் வைக்கும் அறையின் மேல்தட்டில் ஏற்றி வைத்தீர்கள். ஓய்வுக் கதையை விட்டுவிடுங்கள், இருக்கும்வரை வேலை செய்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ன் ஹில்லுக்கும் போகவில்லை. அங்கேயும் காலையில் நடக்க வருகிறவர்கள் நம்மவர்கள்தானே, எதற்காக அவர்கள் நெஞ்சைப் பதறவைப்பான் என்றீர்கள். தேத்தண்ணி கொண்டுவந்த என்னிடம் மட்டும் ஒன்று சொன்னீர்கள்: "நான் போய் இருக்கிற இடமெல்லாம் செத்தவீடாத்தான் தெரியும், பிள்ளை. எனக்கு வேறை முகம் இல்லை." நீங்கள் போகமாட்டீர்கள் என்று எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை அண்ணை.

ஆனி மாதத்தில் ஒரு பகல், அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு தேவராசா ஐயா உள்ளே வந்தார். தன் காலால் நடந்து எங்களிடம் வருகிறவர்கள் எல்லோரும் இன்னொருவருக்காகத்தான் வருவார்கள். ஆகையால் நகுலேஸ்வரி அம்மாவுக்குத்தான் என்னவோ என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன். அவர் சிரித்தார், மனைவி காருக்குள் இருக்கிறார், உள்ளே வர வெட்கப்படுகிறார் என்றார். உங்களைக் கேட்டார். நீங்கள் உள்ளறையிலிருந்து வந்து, அவர் முன்னால் கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டீர்கள்.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தன்னைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை என்று அவர் சொன்னார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்களாம். தன் முகத்தைப் பார்க்காமல் மருந்துப் போத்தல்களையே பார்த்தார்களாம். அந்தச் சனிக்கிழமை காலை, யாரோ ஒருவர் எதிரே இருந்து தன் வீட்டை அவ்வளவு கவனமாகப் பார்ப்பதை மேல்மாடி யன்னலால் கண்டிருக்கிறார். மடியில் சாய்த்து வைத்திருந்த உங்கள் பலகையில் தன் வீட்டுக் கூரை எழும்பியதையும், மக்னோலியா ஒவ்வொரு பூவாக வந்ததையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். வைத்தியசாலையால் வந்த பிறகு தான் மருந்தை மறந்திருந்த ஒரே காலை அதுதான் என்றார். நீங்கள் யாரென்று அவருக்கு முதலே தெரியுமாம். தன் தமையனாரை வழியனுப்பியவரே நீங்கள்தானாம். கேட்டுக்கொண்டிருந்த நீங்கள் மெல்ல, உங்களைப் பயப்படுத்தியதற்காக மன்னிக்க வேண்டும் என்றீர்கள். அவருக்குச் சினம் வந்துவிட்டது.

"எல்லாற்றை வீட்டுக்கும் ஆள் போனாப் பிறகுதான் போவியள். என்ரை வீட்டுக்கு நான் இருக்கேக்கையே வந்தனீங்கள். அதை ஏன் பாதியிலை விட்டனீங்கள்?" என்றார்.

நீங்கள் கதிரையில் இருந்துவிட்டீர்கள். துயர் வீடுகளில் சுவரோடு நின்றே பழகிய மனிதர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு அழுததை நாங்கள் அன்றுதான் கண்டோம். காருக்குள் இருந்த நகுலேஸ்வரி அம்மாவும் எப்போது உள்ளே வந்தாரென்று தெரியவில்லை. உங்கள் அருகில் வந்து நின்று, தம்பி, சாப்பிட்டீங்களோ என்று கேட்டார்.

படத்தை முடிக்க அடுத்த சனிக்கிழமை வருவதாக ஒப்புக்கொண்டீர்கள். அன்றைப்போல இன்னொரு முறை ஊர் கூடிவிடக் கூடாது என்று ஐயாவும் அம்மாவும் என்னிடம் ஓர் அறிவித்தல் கேட்டார்கள். என் வாழ்நாளில் நான் எழுதிய அறிவித்தல்களுள் எனக்குப் பிடித்தது அதுதான். சபையின் அனுமதியோடு வாசிக்கிறேன். "வருகின்ற சனிக்கிழமை காலை திரு. பெனடிக்ற் அவர்கள், திரு. தேவராசா அவர்களின் இல்லத்துக்கு எதிரே படம் வரையும் பொருட்டு அமர்ந்திருப்பார். மேற்படி இல்லத்தில் எவருக்கும் எதுவும் நேரவில்லை. உணவு கொண்டுவரத் தேவையில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்." எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். உணவு மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது.

மக்னோலியாப் பூக்கள் அதற்குள் கொட்டி, மரம் முழுக்க இலையாகிவிட்டிருந்தது. பழைய பூக்களை அப்படியே விட்டு முடியுங்கள் என்று சிலர் சொன்னார்கள். இன்றைக்கு இருப்பதைத்தான் வரைவேன் என்று பூக்களின்மேல் பச்சையைப் பூசினீர்கள். மரத்தின் கீழ் கதிரை போட்டு, கம்பளிச் சட்டையோடு தேவராசா ஐயா வந்து இருந்துகொண்டார். தன்னையும் போடவேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆட்களை வரைந்து பழகாத நீங்கள் அவரை ஒரு சிறிய மண்ணிறப் புள்ளியாக வைத்தீர்கள். இவ்வளவு சின்னதாகவா இருக்கிறேன் என்று அவர் குறைப்பட்டபோது, இந்த அளவு சரியாக இருக்கிறது என்று நகுலேஸ்வரி அம்மா தீர்ப்புச் சொன்னார். அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. ஐயா இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருந்து, அந்தப் புள்ளி தான்தான் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். எங்கள் தெருவுக்கும் வாருங்கள் என்று அலுவலகத்துக்கே அழைப்பு வரத் தொடங்கியது. மரக்கறிக் கடையில் உங்களை மறித்து, விம்பிள்டனில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நல்ல மரங்கள் நிற்கின்றன என்று சொன்னவர்கள் உண்டு. வர்ணப் பெட்டியை மேல்தட்டிலிருந்து நீங்களே இறக்கினீர்கள். முதலாளியிடம் போய், சொன்ன காலத்துக்கே போகிறேன் என்றீர்கள்.

ஆகவே எங்கள் அண்ணையே! ஓய்வுபெறுகிறவருக்குப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். நாங்கள் உங்களுக்கு மஞ்சள் நிற மழைக்கோட்டு ஒன்றைப் போர்த்துகிறோம். மழையும் காற்றும் தாங்கும். தெருவின் அடுத்த முனையிலிருந்து பார்த்தாலும் ஒருவரும் பதறமாட்டார்கள். வேலைப் போன் நாளை முதல் நிர்மலனிடம் இருக்கும். மழை விட்டு வெளிச்சம் வரும் காலைகளில் எல்லாம் உங்களுக்கு வெளியே வேலை இருக்கட்டும்! கை நடுங்காதிருக்கட்டும், கண் மங்காதிருக்கட்டும், முழங்கால்கள் மடக்குக் கதிரைக்கு மடங்கிக் கொடுக்கட்டும்! மரியநாயகி அக்காவின் கைச் சோறும், பார்ன் ஹில்லின் நல்ல காற்றும், ஆண்டவரின் அருளும் உங்களை நீண்ட காலம் நோயின்றி வைத்திருக்கட்டும்!

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. நாங்களும் இந்த நகரத்தில்தான் குடியிருக்கிறோம். பிளேஸ்டோவில் என் வீட்டுக்கு முன்னால் ஒரு செரிப்பூ மரம் நிற்கிறது. நிர்மலனின் வீட்டுக்கு முன்னால் இருப்பது பஸ் தரிப்பிடம். அதையும் வரையலாம் என்று அவர் சொல்கிறார். எங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒருநாள் நீங்கள் வரத்தானே போகிறீர்கள் என்று இவ்வளவு காலமும் உங்களைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தோம். இனி அந்த வேலைக்கு வேறு ஆள் வருவார். நீங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், அண்ணை. நாங்கள் வீட்டில் இருக்கும்போதே வாருங்கள்.

என்றும் உங்கள் தம்பி தங்கைகளான
பணியாளர்கள்,
கிருஷ்ணராசா மலர்ச்சாலை,
வெம்பிளி, இலண்டன்.